இருநூற்றுப் பதினான்காம் பக்கம்

மூன்று கோடைகாலம் மாடிப்படி ஏறி இறங்கிச் சேர்த்த அளவுகளை நெறியாளர் ஒரே வரியில் தூக்கிப் போட்டுவிட்டார். "உங்க மீட்டர் சரியில்லம்மா." அவ்வளவுதான். சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் பேச்சு முடிந்தது என்று பொருள். துறையில் வாசல் கூட்டுகிறவருக்குக்கூட அது தெரியும்.

எதிரே உட்கார்ந்திருந்தவளை எல்லோரும் குளோரின் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். குடிநீர் வாரியத்தின் பரிசோதனைக் கூடத்தில் வருஷக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு, நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு, நாற்பதை எட்டிப் பார்க்கிற வயதில் முனைவர் பட்டத்துக்கு வந்தவள். அவள் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்பச் சாதாரணமானது. மொட்டைமாடித் தொட்டியில் காலையில் குளோரின் போடுகிறோமே, அது எவ்வளவு நேரம் தாங்கும்? ஒரு நாள் முழுக்கத் தாங்கும் என்று இந்தத் துறையின் புத்தகங்கள் எல்லாம் ஒரே குரலில் சொல்கின்றன. இவள் விடுதி, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று கண்ட மாடியெல்லாம் ஏறி, தொட்டித் தண்ணீரைச் சீசாவில் பிடித்து, மாத்திரை போட்டு, ஏறுகிற நிறத்தை மீட்டரில் அளந்து பார்த்தாள். குளோரின் இருந்தால் தண்ணீர் இளஞ்சிவப்பாக மாறும். காலையில் மாறியது. மத்தியானத்துக்குள் வெளிறியது. சாயங்காலம் எத்தனை மாத்திரை போட்டாலும் வெறும் தண்ணீராகவே நின்றது.

மீட்டரைச் சந்தேகப்படாமல் இருப்பாளா? வாரியத்திலிருந்து இன்னொரு மீட்டர் இரவல் வாங்கி அளந்தாள். அதுவும் அதையேதான் சொன்னது.

"ரெண்டு மீட்டர்ல பாத்துட்டேன் சார்."

"பதினஞ்சு ஆய்வுக் கட்டுரை ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம். கமிட்டி யாரை நம்பும்னு நினைக்கிறீங்க?" கண்ணாடி அதற்குள் பளபளவென்று ஆகியிருந்தது. "அடுத்த வாரம் அவங்க கேக்கறதுக்கு முன்னாடி நீங்களே யோசிச்சு வைங்க."

நியாயமான கேள்விதான். அடுத்த வாரம் ஆய்வுக் குழு கூடி, அளவுகள் செல்லாது என்று சொல்லிவிட்டால் முதலிலிருந்து அளக்க வேண்டும். அளக்க இன்னொரு கோடை வேண்டும். இந்த வருஷத்தோடு விடுப்பு முடிகிறது, இனி ஒரு நாள்கூட நீட்டமாட்டோம் என்று வாரியம் ஏற்கெனவே கையை விரித்துவிட்டது. பட்டமும் இல்லாமல், கண்டுபிடித்ததை யாரும் நம்பாமலும், பழைய நாற்காலியில் போய் உட்கார வேண்டியதுதான்.

அவள் எழுந்தபோது அவர் கூடுதலாக ஒன்று சொன்னார். "லைப்ரரி கிளாஸ் போனீங்களா? அந்தச் சான்றிதழ் இல்லாம உங்க பேரையே எடுக்க மாட்டாங்க."

எரிகிற வீட்டில் இருப்பவளிடம் வாசலில் கோலம் போட்டாயா என்று கேட்டது போல இருந்தது அவளுக்கு.

ஆய்வு மாணவர்களுக்கான தகவல் தேடல் பயிற்சி என்று அந்த வகுப்புக்குப் பெரிய பெயர் உண்டு. விரும்பிப் போனவர் எவரும் இல்லை. கணினியைத் திறந்து, தேடும் பெட்டியில் இரண்டு சொல்லைத் தட்டத் தெரியாதவனா ஆராய்ச்சிக்கு வருவான் என்பது எல்லோருடைய எண்ணமும். வருகைப் பதிவுக்காக வந்து, பின்வரிசையில் கைபேசியோடு குடித்தனம் நடத்திவிட்டுப் போவார்கள்.

வகுப்பு எடுக்கிற நூலகர் சின்னப் பெண். குளோரின் அக்காவைவிடப் பத்து வயது குறைவாக இருக்கும். நூலகத்தில் வேலை பார்க்கிறவளுக்கு அத்தனை பெரிய குரல் ஆகாது, அவளுக்கோ அதைப் பற்றிக் கவலையே இல்லை. மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பட்டப் பெயர் 'எங்க பாத்தீங்க'. யார் எதைச் சொன்னாலும் அவள் கேட்கிற முதல் கேள்வி அதுதான். "மழை வர்ற மாதிரி இருக்கு மேடம்" என்று ஒருவன் சொன்னதற்கும் அதையே கேட்டாள் என்று ஒரு கதை உலவியது. அவளிடம் விசாரித்தால் அந்தக் கதைக்கும் ஆதாரம் கேட்பாள்.

"உங்க ஆராய்ச்சியில எந்த வரியில உங்களுக்குச் சந்தேகமே இல்லையோ, அந்த வரியை எடுங்க" என்றாள் அன்றைக்கு. "அதை முதல்ல சொன்னது யாருன்னு தேடுங்க. இவர் அவரைப் பாத்து எழுதியிருப்பாரு, அவர் இன்னொருத்தரைப் பாத்து எழுதியிருப்பாரு. விடாம பின்னாடியே போங்க. ஊத்து வர்ற இடம் வரைக்கும் போகணும்."

முன்வரிசையில் வரலாற்றுத் துறைத் தாடிக்காரர் ஒருவர் இருந்தார். தன் ஆய்வேட்டின் முதல் பக்கத்தையே அலங்கரிக்கிற மேற்கோளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். அது கடைசியில் ஒரு தினசரிக் காலண்டர் தாளில் போய் நின்றது. வகுப்பே குலுங்கிச் சிரித்தது. மனிதர் தாடியைத் தடவிக்கொண்டு, அந்தக் காலண்டரை அச்சடித்தது யார் என்று தேட ஆரம்பித்துவிட்டார்.

குளோரின் அக்கா சிரிக்கவில்லை. அவளுடைய துறையில் யாருக்குமே சந்தேகம் இல்லாத வரி ஒன்றுதான் இருந்தது, அவளுடைய குடியைக் கெடுத்த வரி. 'தொட்டியில் இடும் குளோரின் ஒரு நாள் முழுதும் நிலைக்கும்.' எல்லாம் வெறுத்துப்போய் அதையே எடுத்தாள். ஆகப் புதிய கட்டுரையைத் திறந்து, அது யாரைச் சான்று காட்டுகிறது என்று கடைசிப் பக்கத்தில் பார்த்தாள். அது ஒரு கையேட்டைக் காட்டியது. கையேடு இன்னொரு கட்டுரையைக் காட்டியது. அந்தக் கட்டுரை காட்டிய பெயரை இரண்டு தடவை படித்தாள். அவளுடைய நெறியாளரின் பெயர். அவர் இளைஞராக இருந்தபோது எழுதிய முதல் கட்டுரை.

ஒன்றாவது வேறு வழியில் போகாதா என்று பதினைந்தையும் பார்த்தாள். நூலகர் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, நடந்ததையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் வெள்ளைப் பலகையில் எழுதச் சொன்னாள். பதினைந்து கட்டுரைக்கும் பதினைந்து அம்புக்குறி. எந்த அம்பு எங்கே புறப்பட்டாலும், நேராகவோ சுற்றி வளைத்தோ, அந்த ஒரே கட்டுரையில் வந்து குத்தியது. அங்கிருந்து ஒரே ஓர் அம்பு வெளியே போனது, குடிநீர் வாரியத்தின் பழைய அறிக்கை ஒன்றுக்கு.

"அக்கா, பதினஞ்சு சாட்சின்னு பயந்தீங்களே" என்றாள் நூலகர். "சாட்சி ஒண்ணுதான். மத்ததெல்லாம் எதிரொலி."

"எல்லாரும் அந்த அறிக்கையைப் படிச்சுட்டுத்தான் எழுதியிருப்பாங்க மேடம்."

"எங்க பாத்தீங்க?"

பின்வரிசை கைதட்டியது. நூலகர் அம்புகளின் மேல் விரலை ஓட்டினாள். "எல்லாரும் இன்னொருத்தர் கட்டுரையைக் காட்டினாலும், அடைப்புக்குள்ள 'அறிக்கை, பக்கம் இருநூத்திப் பதினாலு'ன்னும் சேத்துப் போட்டிருக்காங்க. ஒருத்தராவது இருநூத்திப் பதிமூணையோ பதினஞ்சையோ சேத்துச் சொல்லியிருக்காங்களா? அச்சுல வார்த்த மாதிரி அதே எண். அறிக்கையை யாரும் தொடல அக்கா. எண்ணை மட்டும் எடுத்துக்கிட்டாங்க."

அப்போதுதான் குளோரின் அக்காவுக்குப் பொறி தட்டியது. வாரியத்தின் பழைய அறிக்கைகளை அவள் பார்த்திருக்கிறாள். பரிசோதனைக் கூடத்து அலமாரியில் தூசு தட்டியிருக்கிறாள். எல்லாம் நோஞ்சான்கள். "வாரிய அறிக்கை நாப்பது பக்கம் தாண்டினாலே அதிசயம் மேடம். இருநூத்திப் பதினாலாம் பக்கம் எங்கிருந்து வந்துச்சு?"

"அப்ப அப்படி ஒரு பக்கமே இல்ல!" நூலகர் துள்ளிக் குதித்தாள். "உங்க சாரும் பாக்கல. சும்மா அடிச்சு விட்டிருக்காரு. முடிஞ்சுது கதை. கமிட்டியில போய் இதைச் சொல்லுங்க."

சொல்லலாம்தான். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவள் மனது பல்லாங்குழி ஆடியது. ஒரே வரியில் தன்னை மீட்டர் பிடிக்கத் தெரியாதவளாக்கிய மனிதரைச் சபையில் பொய்யர் என்று நிறுத்துவது இனிப்பாகத்தான் இருந்தது. வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் நாத்தனாருக்குக் கண் மின்னியது. "இன்னுமா அண்ணி தண்ணியவே அளக்குறீங்க" என்று வாரம் தவறாமல் வந்து குத்திவிட்டுப் போகிறவள், இன்று கட்சி மாறிவிட்டாள். "விடாதீங்க அண்ணி. சபையில வச்சு மூக்கை உடைங்க. நான் வேணா கூட வரேன்."

கணவர் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறவர். பொறுமைசாலி. "அந்த மனுஷன் பொய் எழுதற ஆளா?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்வி அவளுக்குள் முள்ளாக நின்றுவிட்டது. நெறியாளர் பிடிவாதக்காரர், தலைக்கனம் பிடித்தவர், எல்லாம் சரி. ஆனால் மாணவர்களின் ஏட்டில் காற்புள்ளியைக்கூடக் கணக்குப் பார்க்கிறவர். அப்படிப்பட்டவர் இல்லாத பக்கத்தை எழுதுவாரா?

மறுநாள் காலையில் நூலகம் திறந்ததும் திறக்காததுமாகப் போய் நின்றாள். "மேடம், அவர் அடிச்சு விட்டார்னு சொன்னீங்களே. அதை எங்க பாத்தீங்க?"

நூலகர் மேஜையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "மாட்டிக்கிட்டேன் அக்கா. கிடைக்கலங்கறதை வச்சு இல்லவே இல்லன்னு சொல்லிட்டேன். என் கிளாஸுல வேற யாராவது சொல்லியிருந்தா காதைத் திருகியிருப்பேன். வாங்க, தேடுவோம்."

தேடினார்கள். அறிக்கையின் தலைப்பைப் போட்டுத் தேடினால் நூலகப் பட்டியல் கையை விரித்தது. வெளியிட்ட ஆண்டை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தார்கள். தலைப்பை விட்டுவிட்டு வாரியத்தின் பெயரைப் போட்டுப் பார்த்தார்கள். வாரியத்துப் பழைய சகாக்களைக் குளோரின் அக்கா கேட்டாள், அந்தப் பெயரில் அலமாரியில் ஒன்றும் இல்லை என்றார்கள். மற்ற ஊர் நூலகங்களுக்கு நூலகர் மின்னஞ்சல் அனுப்பினாள், சிலரைத் தொலைபேசியில் பிடித்து உரத்த குரலில் கெஞ்சினாள். இல்லை, இல்லை, இல்லை. எங்கே எப்படித் தேடினோம் என்பதை ஒவ்வொரு தடவையும் குறித்து வைக்கச் சொன்னாள், திரும்பத் திரும்ப ஒரே கிணற்றில் விழக்கூடாது என்று. குழு கூடும் நாள் நெருங்க நெருங்க, குளோரின் அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

கடைசியில் திறவுகோல் அவள் கையிலேயே இருந்தது. ஒரு முற்பகல், அலுத்துப்போய், வாரியத்து அலமாரியை மனத்துக்குள் திரும்பப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நோஞ்சான் அறிக்கைகள். ஓரம் மடங்கி, தனியாக நிற்க முடியாமல் சரிந்து, ஒன்றுக்குப் பின்னால் ஒன்று தொலைந்துபோகிறவை. அப்படித் தொலையக்கூடாது என்பதற்காக வாரியத்தில் என்ன செய்வார்கள்?

"மேடம்!" என்று கத்தினாள். நூலகரின் குரல் அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது போல. "சன்ன சன்னமா இருக்கறதை எல்லாம் ஒண்ணாச் சேத்து பைண்டு பண்ணிடுவாங்க. ஏழெட்டு அறிக்கை சேந்து ஒரே குண்டுப் புத்தகம். முதுகுல முதல் அறிக்கையோட பேர் மட்டும்தான் இருக்கும். அப்புறம் மேல் மூலையில முத்திரை குத்துற மிஷினால முதல்லேருந்து கடைசி வரைக்கும் தொடர்ச்சியா நம்பர் போடுவாங்க. இருநூத்திப் பதினாலு அறிக்கையோட பக்கம் இல்ல. அந்தக் குண்டுப் புத்தகத்தோட பக்கம்!"

நூலகர் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "பட்டியல்லயும் முதல் தலைப்பு மட்டும்தான் ஏறியிருக்கும். நாம தேடினது உள்ள மாட்டிக்கிட்டு இருக்கு. அப்ப சார் நெஜமாவே பாத்திருக்காரு. அவர் எங்க படிச்சாரு அக்கா?"

"இங்கயேதான் மேடம். அப்பவும் இதே லைப்ரரிதான்."

அடுத்த நிமிஷம் அடித்தளத்துக்குப் போகிற படிக்கட்டில் இரண்டு பேரும் போட்டி போட்டுக்கொண்டு இறங்கினார்கள்.

அடித்தளத்தில் பழைய பசை நாற்றம். இழுத்தால் தண்டவாளத்தில் நகர்கிற இரும்பு அலமாரிகள். வாரியத்தின் குண்டுப் புத்தகங்கள் கீழ்த்தட்டில் வரிசையாக நின்றன. தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். 'கழிவுநீர்க் குழாய்ப் பராமரிப்பு' என்று முதுகில் எழுதியிருந்த புத்தகத்தைத் திறந்தபோது குழாய் முடிந்து, பம்பு முடிந்து, உள்ளே அந்தத் தலைப்பு நின்றது. தொட்டிகளில் குளோரின். குளோரின் அக்கா புத்தகத்தை மடியில் வாங்கிக்கொண்டாள். மேல் மூலையில் மங்கலான ஊதா எண்களைப் பார்த்துக்கொண்டே தள்ளினாள். இருநூற்றுப் பதினான்கு.

அட்டவணை ஒன்று இருந்தது. காலை, மத்தியானம், மாலை, மறுநாள் காலை. குளோரின் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தாலும் மறுநாள் காலைவரை இருந்தது. நாள் முழுதும் நிலைக்கிறது என்று கீழே ஒரு வரி.

நெறியாளர் சரியாகத்தான் எழுதியிருக்கிறார். அப்படியென்றால் தப்பு அவளுடையது. மூன்று கோடையும் வீண். புத்தகத்தை மூடப் போனாள்.

"அக்கா" என்றாள் வலது பக்கம் உட்கார்ந்திருந்த நூலகர், மெதுவாக. அவள் மெதுவாகப் பேசி யாரும் கேட்டதில்லை. "இந்தப் பக்கத்தைப் பாருங்க."

இருநூற்றுப் பதினைந்து. 'மொட்டைமாடித் தொட்டி, கோடைகாலம்.' காலையில் முழு அளவு. மத்தியானம் பாதிக்கும் கீழே. மாலையில் ஒன்றுமில்லை. வெயிலும் சூடும் காரணம் என்று கீழே அடக்கமாக எழுதியிருந்தது. அவள் மாடி மாடியாக ஏறிப் பார்த்த அதே சரிவு. பெயர் தெரியாத யாரோ ஒரு பொறியாளர், அவள் பள்ளிக்கூடம் போவதற்கு முன்பே, இதே வெயிலில் இதே மாடிகளில் ஏறி அளந்திருக்கிறார்.

"அப்ப இருநூத்திப் பதினாலு எந்தத் தொட்டி?" என்றாள் குளோரின் அக்கா. தாளைப் பின்பக்கம் திருப்பினாள். இருநூற்றுப் பதின்மூன்றின் அடியில், அட்டவணையின் தலைப்பு தனியாகக் கிடந்தது. 'நிலத்தடித் தொட்டி. மூடியது, வெளிச்சம் படாதது.' தலைப்பு ஒரு பக்கத்தில், அட்டவணை மறுபக்கத்தில்.

அடித்தளத்தில் அன்று இரண்டு பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்த சத்தம் மேலே வாசிப்பு அறைவரை கேட்டது. யாரோ வந்து, இது நூலகம் என்று நூலகருக்கே ஞாபகப்படுத்திவிட்டுப் போனார்கள்.

குளோரின் அக்கா நேரே நெறியாளரிடம்தான் போனாள். முதுகுக்குப் பின்னால் குத்துகிற வேலை அவளுக்கு ஆகாது. அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார், பின்னால் நான்கு பேர். "சார், அந்த வாரிய அறிக்கை கிடைச்சுது. மூணு பக்கம் நீங்க அவசியம் பாக்கணும்."

"புதுசா ஒண்ணும் கிளப்பாதீங்கம்மா. நாளைக்குக் கமிட்டியில சொல்லுங்க, எல்லாரும் சேந்து பாப்போம்." நிற்காமல் போய்விட்டார்.

சரி, அப்படியே ஆகட்டும் என்றாள் அவர் முதுகைப் பார்த்து.

குழு கூடிய அறையில் நீள மேஜை, தண்ணீர்ச் சீசாக்கள், சுவரில் திரை. நடுவில் துறைத் தலைவர். அவருக்கு ஒரு பக்கம் நெறியாளர், இன்னொரு பக்கம் வெளியூரிலிருந்து வந்த நிபுணர் அம்மாள். அந்த அம்மாள் கேள்வி கேட்டால் மாணவர்களுக்குத் தங்கள் பெயரே மறந்துபோகும் என்று பேச்சு. கதவோரம், வேலையே இல்லாமல், நூலகர் வந்து உட்கார்ந்திருந்தாள்.

குளோரின் அக்கா தன் அளவுகளைக் காட்டி முடித்ததுமே அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "இவ்வளவு பேர் ஒரு நாள் நிக்கும்னு எழுதியிருக்காங்க. நீங்க அரை நாள்கூட நிக்காதுங்கறீங்க. இதுல யார் தப்பு?"

குளோரின் அக்கா அந்த அம்மாளை நேராகப் பார்த்தாள். "யாரும் தப்பா அளக்கல மேடம். ஒருத்தர் அளந்தாரு. சரியா அளந்தாரு. மத்தவங்க யாரும் அளக்கவே இல்ல." அம்புக்குறிப் படத்தைத் திரையில் போட்டாள்.

நிபுணர் அம்மாள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "இந்தப் பதினஞ்சுல நானும் இருக்கேனா?"

"ஏழாவது அம்பு, மேடம்."

துறைத் தலைவர் இருமலுக்குள் சிரிப்பை ஒளித்துக்கொண்டார். அந்த அம்மாள் மட்டும் வாய்விட்டுச் சிரித்துவிட்டு, "மேல சொல்லுங்க" என்றார்.

அவள் மூன்று பக்கங்களையும் வரிசையாகத் திரையில் போட்டாள். நிலத்தடித் தொட்டி என்ற தலைப்பு. அதன் அட்டவணை. அப்புறம் மொட்டைமாடித் தொட்டி. மூன்றாவதன் எண்களையும் தன் மூன்று கோடையின் அளவுகளையும் ஒரே படத்தில் கோடுகளாக வரைந்து காட்டினாள். இரண்டு கோடுகளும் ஒட்டிப் பிறந்தவை மாதிரி ஒன்றாகச் சரிந்தன. விளக்க அவசியமே இருக்கவில்லை.

நெறியாளர் கண்ணாடியைக் கழற்றினார். போச்சு என்று நினைத்தாள் அவள். ஆனால் அவர் துடைக்கவில்லை. கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். "அந்த வால்யூமைக் குடுங்க."

கொடுத்தாள். மூன்று பக்கத்தையும் நின்றுகொண்டே படித்தார். முகம் சுண்டிப்போயிருந்தது. அறை முழுக்க அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. இந்த மனிதர் ஒரு வார்த்தை எதிர்த்துச் சொன்னால் போதும், குழு இரண்டாகப் பிரியும், அவளுடைய வருஷம் அதில் அரைபடும்.

"அப்பல்லாம் எங்களைக் கீழ விடமாட்டாங்க" என்றார் கடைசியில், யாரையும் பார்க்காமல். "இருநூத்திப் பதினாலாம் பக்கத்துல இருக்குன்னு என் புரொபசர் சொன்னாரு. சீட்டு எழுதிக் குடுத்தேன். அந்த ஒரு பக்கத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் குடுத்தாங்க. அதுக்கு முன்னாடி என்ன இருக்கு, பின்னாடி என்ன இருக்குன்னு எனக்குக் கேக்கத் தோணல." புத்தகத்தை மூடினார். பிறகு அவளை நேராகப் பார்த்தார். "இந்தம்மா அளவு ஒவ்வொண்ணும் சரி. தப்பு என்னோட முதல் கட்டுரையில. திருத்தம் நான் எழுதறேன். திருத்தத்துல ஆதாரமா இவங்க ஆய்வைத்தான் காட்டுவேன்."

ஒரு வாரமாக அவர்மேல் கொதித்துக்கொண்டிருந்தவளுக்கு அந்த நொடியில் அவர்மேல் மரியாதை பொங்கிக்கொண்டு வந்தது. சபையில் மூக்கை உடைக்க நாத்தனாரைக் கூட்டி வராமல் போனது நல்லதாயிற்று.

"ஏழாவது அம்பையும் திருத்திடறேன்" என்றார் நிபுணர் அம்மாள். "மத்தவங்களுக்கும் நானே எழுதறேன். இந்த ஒரு வரியை நம்பி எத்தனை விடுதியில பிள்ளைங்க சாயங்காலம் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்காங்களோ."

துறைத் தலைவர் எல்லோர் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார். அளவுகள் முழுதும் ஏற்கப்பட்டன. மறுபடி அளக்க வேண்டியதில்லை. இந்த வருஷத்துக்குள்ளேயே ஆய்வேட்டை எழுதி முடித்துச் சமர்ப்பிக்கலாம். கதவோரத்தில் நூலகர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். குழுவில் யாரும் அவளைக் கண்டிக்கவில்லை.

வராந்தாவுக்கு வந்ததும் குளோரின் அக்கா கணவருக்குப் போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தார். போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருப்பார் போல.

"சொல்லு. என்னாச்சு?"

அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மறுமுனையில் அவர் குரலைத் தழைத்துக்கொண்டு, "சரி விடு. அழாத. அவங்க கிடக்கறாங்க. நீ அளந்தது சரின்னு எனக்குத் தெரியும். பட்டம் இல்லன்னா என்ன, நாம..." என்று ஆரம்பித்தார்.

"யோவ்!" என்று அலறினாள். கல்யாணமான நாள் முதல் அவரை அவள் அப்படிக் கூப்பிட்டதே இல்லை. "ஜெயிச்சுட்டேன்யா! ஒண்ணையும் தள்ளல! எல்லாத்தையும் ஏத்துக்கிட்டாங்க!"

வராந்தாவில் போய்க்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் நின்று திரும்பிப் பார்த்தார்கள். கண் பரிசோதனைக்கு உட்கார்ந்திருந்த வாடிக்கையாளரிடம் அந்தப் பொறுமைசாலி போட்ட கூச்சல் அவள் காதைக் கிழித்தது.

"சார், எழுந்திரிங்க! எழுத்து அப்புறம் படிக்கலாம், முதல்ல கை தட்டுங்க. என் பொண்டாட்டி ஜெயிச்சுட்டா!"